பச்சை அறுப்பு

ருமானா எங்கள் ஊரில் கால் வைத்த அன்றே சேற்றில் விழுந்தாள்.

மாசி மாதம் அது. மழைக்காலத்தில் கடலாகிற எங்கள் தாழ்நிலமான ஹாவோரில் தண்ணீர் வடிந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் நடவு முடிந்த வயல். ஓடையில்தான் படகு நகர்கிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. துறையில் படகுக்கும் கரைக்கும் நடுவே ஒற்றைப் பலகை போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் ஓடுவார்கள். அவள் முதுகில் பெரிய பையும் நெஞ்சோடு அணைத்த மழைமானியுமாகப் பாதிப் பலகை வரைக்கும் வந்தாள். அப்புறம் ஆளைக் காணோம். ஹரேந்திர தாதா, எனக்கு அண்ணன் முறை, துறையில் மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் எழுந்து படகுக் கழியை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். இடுப்பு வரை சேறு. மழைமானியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் தாதா.

"தெரியாதுங்க."

"பின்ன எந்தத் தைரியத்துல எங்க ஊருக்கு வந்தே?"

"இங்க எப்ப வெள்ளம் வரும்னு சொல்றதுக்கு வந்திருக்கேன்."

துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அதனால்தான் அவளை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

நான் இத்ரிஸ். துறைக்கு மேலே நெல் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மில் எஞ்சினைக் கழற்றிப் படகில் மாட்டிவிடுவேன். எங்கள் பக்கத்தில் ஒரே ஆள் இரண்டு தொழில் செய்யாமல் முடியாது, நிலமே இரண்டு தொழில் செய்கிறது. ஆறு மாதம் கடல், ஆறு மாதம் வயல். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை, பைசாக்கில், அதாவது சித்திரையில் அறுப்பு. அதற்கு முன்னால் வடக்கே மேகாலயா மலையில் பேய்மழை கொட்டிவிட்டால் அவ்வளவு தண்ணீரும் எங்கள் தலையில்தான் இறங்கும். கரை தாங்கினால் சோறு. தாங்காவிட்டால் டாக்காவுக்கு பஸ் ஏறிச் செங்கல் சுமக்க வேண்டியதுதான்.

அந்தப் பெண் டாக்காவில் மேல்படிப்பு படிக்கிறவள். மாறிப்போன மழைக்கும் வெயிலுக்கும் ஊர்கள் எப்படி ஈடுகொடுப்பது என்று ஒரு படிப்பாம். அதில் ஒரு பகுதியாக மூன்று மாதம் ஏதாவது ஓர் ஊரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அவளோடு படிக்கிறவர்கள் ஒருத்தன் உப்புத்தண்ணீர் ஏறுகிற கடலோரத்துக்கும், ஒருத்தி வறண்ட மேட்டுக்கும் என்று ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். இவளுக்கு எங்கள் ஊர் கஞ்சன்ஹாட்டி விழுந்தது. சொந்த ஊர் ரங்பூர் பக்கம். அங்கே ஆற்றில் ஆடு மேயும் என்று அவளே சொல்லுவாள்.

ஹரேந்திர தாதாவின் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே தங்கட்டும் என்று ஏற்பாடு. தாதாவின் மனைவி பீணாபாணியை நான் போதி என்று கூப்பிடுவேன். அண்ணி முறை, அதனால் கேலிக்குக் குறைவில்லை. போதி அந்தப் பெண்ணைக் கிணற்றடியில் நிற்க வைத்து நாலு குடம் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு, முதல் கேள்வியாக, "நாங்க இந்துக்கள். எங்க வீட்டுல சாப்பிடுவியா?" என்று கேட்டார்.

"போட்டா சாப்பிடுவேன் மாஷி."

"கருவாட்டுக் குழம்பு?"

"அது இல்லாம எங்க ஊர்ல சோறே இறங்காது."

அதோடு அந்த வீட்டில் சாதியும் மதமும் முடிந்தது. போதி அவளுக்கு மாஷி, அதாவது சித்தி ஆனார்; தாதா மேஷோ, சித்தப்பா. அதற்கப்புறம் போதிக்கு வேறு சந்தேகங்கள். ஒருநாள் நான் தவிட்டு மூட்டையை இறக்கப் போனபோது இரண்டு பேரும் பயறு உடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மூணு மாசத்துக்கு உனக்கு மார்க் உண்டா என்று போதி கேட்டார். உண்டு என்றாள். நாங்கள் சொல்வதை எழுதித்தானே அந்த மார்க் என்றார். அதுவும் சேரும் என்றாள். "அப்ப எங்களுக்கு யாரு மார்க் போடுறது?" என்றார் போதி. ருமானா யோசித்து, நான் போடுகிறேன், குழம்புக்கு நூற்றுக்கு நூறு, வாய்க்கு நாற்பது என்றாள். போதி அந்த நாற்பதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவள் வேலை இதுதான். டாக்காவிலிருந்து வெள்ள முன்னறிவிப்பு வரும். அதை எங்களுக்குப் புரிகிற பேச்சாக்கி, சாயங்காலம் காளிபத டீக்கடையில் சொல்ல வேண்டும். கேட்ட ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் 'நிகழ்தகவு' என்றாள். அது எந்த வியாதிக்கு மருந்து என்று காளிபத கேட்டான். மறுநாளிலிருந்து பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று என்று சொல்ல ஆரம்பித்தாள். அது எங்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டுகிற ஊர்தானே.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. எண்ணைச் சொல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதே. அவர்கள் நிலம், அவர்கள் முடிவு. இதை ஷிரின் மேடம் என்கிற அவளுடைய பேராசிரியர் வாரத்துக்கு ஒருமுறை போனில் நினைவுபடுத்துவார். அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள். அறுக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யார் எப்படி வளைத்துக் கேட்டாலும் சிரித்து நழுவிவிடுவாள்.

பங்குனி கடைசியில் மலைப்பக்கம் வானம் ஈயம் பூசின மாதிரி ஆயிற்று. நெல்லில் பால் கட்டி மாவாகிக்கொண்டிருந்த நேரம். கதிர் நுனியில் லேசாக மஞ்சள், அடியில் இன்னும் பச்சை. அன்றைக்கு டீக்கடையில் அவள், "பத்துக்கு ஏழு" என்றாள். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறிவிட பத்துக்கு ஏழு வாய்ப்பு. அவள் வந்த பிறகு அவ்வளவு பெரிய எண்ணை நாங்கள் கேட்டதில்லை. ஆளாளுக்கு எழுந்துபோய் வானத்தைப் பார்த்தார்கள். பச்சையாக அறுத்தால் பாதி பதர், அறுக்காவிட்டால் முழுசும் தண்ணீருக்கு. கரையில் இன்னும் மண் போடலாம் என்றார்கள் சிலர். யாரும் அரிவாளைப் பற்றிப் பேசவில்லை.

நான் அன்றைக்குப் பொழுது சாயும்போது தாதா வீட்டில் இருந்தேன். போதி அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "ருமா, இது உங்கப்பா நிலமா இருந்தா நீ என்ன செய்வே?" என்றார்.

தாதா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"நாங்க அதைச் சொல்லக் கூடாது மாஷி."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"படிப்புல அப்படித்தான்."

"நான் படிப்புக்குச் சோறு போடலையே. உனக்குத்தான் போடுறேன். சொல்லு."

அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாக, "அறுத்துருவேன்" என்றாள்.

தாதா எழுந்தார். கை கழுவினார், படுத்தார். காலையில் அரிவாளைத் தீட்டுகிற சத்தம் என் மில்லு வரைக்கும் கேட்டது.

ஊரில் தாதா ஒருத்தர்தான் அறுத்தார். கூலி ஆள் கிடைக்கவில்லை. பச்சைக் கதிரில் கூலி நெல் வாங்க எவன் வருவான்? தாதாவும் போதியும் நானும் என் தம்பியும் இறங்கினோம். ருமானாவும் சல்வாரை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாளே விரலை அறுத்துக்கொண்டாள். போதி மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டு, கட்டுச் சுமக்கிற வேலைக்கு மாற்றினார். பச்சைத் தாள் கனம் அதிகம். அரிவாள் வழுக்கும், பிசின் மாதிரி கையில் ஒட்டும். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பெரிய நிலக்காரரான ரமணி சர்க்கார் மட்டும், "மாட்டுக்குத் தீவனமா, மனுஷனுக்கா?" என்று கேட்டார். தாதா நிமிரவில்லை. களத்தில் அடித்தபோது நெல் உதிர மறுத்தது. தூற்றினால் காற்றோடு போனது பாதிக்கு மேல்.

தண்ணீர் வந்தது. உண்மையாகவே வந்தது. ஓடை நிரம்பி, ஆறு பழுப்பாகி, கரைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. ஊரே கரையில் மூங்கிலும் மண்மூட்டையுமாகக் கிடந்தது. தண்ணீர் அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. பிறகு மலையில் மழை விட்டது, தண்ணீர் ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்பி இறங்க ஆரம்பித்தது.

வெயில் வந்தது. அந்த மாதிரி வெயில் அறுப்புக்கு முன்னால் அடித்தால் நெல்லுக்கு அதைவிடப் பாக்கியம் இல்லை. ஊர் வயல் முழுக்கப் பொன் நிறம் ஏறிக்கொண்டே போயிற்று. நடுவில் தாதாவின் நிலம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

அந்த நெல்லை நான்தான் அரைத்தேன். உருளையில் போட்டதும் அரிசி நொறுங்கிக் குருணையாக வந்தது. பச்சை வாடை. அதைக் கையில் அள்ளிப் பார்த்த எவனோ ஒருத்தன் 'ருமானா அரிசி' என்று பெயர் வைத்தான், இரண்டே நாளில் ஊரெல்லாம் அந்தப் பெயர் ஓடியது. சாயங்காலம் அவள் டீக்கடைக்கு வந்தால், இன்றைக்குப் பத்துக்கு எத்தனை, மாட்டைக் கட்டலாமா அவிழ்க்கலாமா என்று கேட்பார்கள். அவள் எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஹரேந்திர தாதா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் வலையில் சின்ன கெளுத்தி விழுந்தால் "ரங்பூர்க்காரிக்கு" என்று தனியாக எடுத்து வைப்பார். அது நின்றது. அவள் இருக்கும்போது முற்றத்தில் உட்காராமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார்.

அவள் ஷிரின் மேடத்திடம் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாததைச் சொன்னேன், ஒரு வீட்டுச் சோற்றைக் கெடுத்துவிட்டேன், என்னை வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று அழுதிருக்கிறாள். அவர் கோபப்பட்டாராம். கோபம் தீர்ந்த பிறகு, ஓடிவராதே, மிச்ச நாளை அங்கேயே இரு, உன் ஆய்வில் இதை மறைக்காமல் எழுது என்றாராம். அப்படியும் அவள் பையைக் கட்டிவிட்டாள். போதி பையை அவிழ்த்துத் துணியை மறுபடி கொடியில் போட்டார்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார்.

"என் மூஞ்சியைப் பார்க்கவே மேஷோவுக்குப் பிடிக்கல, மாஷி."

"அவருக்கு என் மூஞ்சியவே பிடிக்கல, முப்பது வருஷமா இருக்கேன். உக்காரு. கேட்டது நான், சொன்னது நீ, அறுத்தது அவரு. மூணு பேரும் சேர்ந்து செஞ்ச வேலைக்கு நீ மட்டும் எதுக்குப் பஸ் ஏறணும்?"

பிறகு குருணைக் கஞ்சியை ஊற்றி அவள் முன்னால் வைத்து, "இதைக் குடிச்சுக்கிட்டே அழு, உப்புப் போட வேண்டியதில்லை" என்றார். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

பைசாக் பிறந்தது. ஊரில் முதல் அறுப்புக்கு நாள் குறித்தாயிற்று. வெளியூர்க் கூலி ஆட்கள் படகில் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அறுப்பு மிஷினுக்கும் சொல்லியாயிற்று. அப்போதுதான் இரண்டாவது தண்ணீர் கிளம்பியது. இதற்கு ஒரு வாரம் முன்னாடியே முன்னறிவிப்பெல்லாம் வரவில்லை. முந்தின நாள் மத்தியானம்தான் டாக்காவிலிருந்து செய்தி. அவள் டீக்கடைக்குக் காத்திருக்காமல் மசூதிக்கு ஓடி இமாமிடம் கேட்டு மைக்கில் சொன்னாள். கோயில் மைக்கிலும் சொன்னாள். பாதிப் பேர் அரிவாளை எடுத்தார்கள். பாதிப் பேர் போன தடவையை நினைத்துக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்றார்கள். எடுத்தவர்களும்தான் ஒரு பொழுதில் எவ்வளவு அறுக்க முடியும்?

காலையில் வடக்குக் கரையில் உடைப்பு. மண்மூட்டைகள் பொம்மை மாதிரி உருண்டு போயின. மத்தியானத்துக்குள் வயலில் இடுப்புத் தண்ணீர். மிஷின் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கஞ்சன்ஹாட்டி முழுக்க ஆணும் பெண்ணும் தண்ணீருக்குள் இறங்கிக் கதிரைத் தடவித் தடவி அறுத்தோம். முங்கி அறுத்தவர்களும் உண்டு. தாதாவுக்கும் போதிக்கும் அங்கே ஒரு தாள் கிடையாது. காலையிலேயே வந்து ரமணி சர்க்கார் நிலத்தில் இறங்கினார்கள். சர்க்கார் தன் மகன் கையிலிருந்த அரிவாளை வாங்கி தாதாவிடம் கொடுத்தார்.

ருமானாவை என் படகில் ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் குறுக்குப் பலகையில் முடிச்சுப் போட்டிருந்தார் போதி. கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. அவள் குனிந்து குனிந்து கட்டுகளை இழுத்துப் படகில் அடுக்கினாள். மழை வேறு. இருட்டுவதற்குள் ஊரின் நெல்லில் மூன்றில் ஒரு பங்கு தேறியிருந்தால் அதிகம். தேறியதும் ஈரம். காய வைக்க வெயில் இல்லாமல் அதிலும் பாதி முளைவிட்டு நாறியது.

அந்த வாரம் ஊரில் காய்ந்த அரிசி என்று ஒன்று இருந்தது தாதா வீட்டில்தான். பச்சை வாடை அடிக்கிற அந்தக் குருணைதான். போதி பெரிய அண்டாவில் பருப்பும் பரங்கிக்காயும் போட்டு அதைக் குழையக் கிண்டி, வந்த வீடுகளுக்கெல்லாம் ஊற்றினார். குழைவதற்கு அந்த அரிசியை அடித்துக்கொள்ள வேறு அரிசி கிடையாது. பெயர் வைத்தவனும் பாத்திரம் கொண்டுவந்தான்.

அங்கிருந்துதான் ருமானாவுக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. ஊர் அவளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள், ஹரேந்திரன் ஒருத்தன்தான் கேட்டான், நாம்தான் கண்ணில்லாமல் போனோம் என்று பேசிக்கொண்டார்கள். காளிபத அவளுக்கு டம்ளர் நிறைய கெட்டிப்பால் டீ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தான். ஒருத்தி தன் மகனுக்கு துபாய் விசா வருமா என்று கேட்டு வந்தாள். இன்னொருவர் சினைப்பசுவையே ஓட்டிக்கொண்டு வந்து, கிடாரியா காளையா என்று கேட்டார். அவள், நான் சொன்ன வெள்ளம் வரவே இல்லை, இது வேறு வெள்ளம், எனக்கும் முந்தின நாள்தான் தெரியும் என்று ஒவ்வொருத்தரிடமும் விளக்கினாள். பெரிய ஞானம் உள்ளவர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தாதா வாய் திறந்தது அப்போதுதான், அதுவும் டீக்கடையில். ஹெட்மாஸ்டர் உட்காருகிற பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "நான் அப்பவே ஒரு கணக்குப் போட்டேன்" என்று ஆரம்பிப்பார். என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் பெஞ்சு அவருடையதாயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக ரமணி சர்க்கார் அவருக்கு பீடி நீட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அவர் ருமானாவிடமும் இரண்டொரு வார்த்தை பேசினார். அவளுக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது. என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "முன்னாடி கேலி பண்ணப்ப நான் தப்புப் பண்ணினது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப எனக்கு மட்டும்தான் தெரியுது, இத்ரிஸ் பாய்."

சங்கதி டாக்காவுக்கும் போயிற்று. இந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வரப்போகிறார்கள், ஷிரின் மேடமும் வருகிறார் என்று செய்தி வந்தது. முன்னறிவிப்பைக் கேட்டுப் பிழைத்த குடும்பம் என்று படம் எடுக்கப்போகிறார்களாம். வருவதற்கு முந்தின நாள் மேடம் போனில் அவளிடம் நிறைய நேரம் பேசினார். அவருக்கு நிஜம் தெரியும். ஆய்வில் நீ உள்ளபடி எழுது, யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார். ஆனால் அடுத்த வருஷம் பிள்ளைகளை ஊர்களுக்கு அனுப்பப் பணம் வருமா வராதா என்பது இந்த மாதிரி விஷயங்களில்தான் இருக்கிறது. நாளைக்கு நீயாக எதையும் கிளறாதே, கேட்டால் மட்டும் பதில் சொல் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரவல் வாங்கின கயிற்றில் வாளி இறக்குகிறவர் பயப்படுவது போலத்தான்.

வந்தார்கள். மேடம் வயசானவர். படகிலிருந்து பலகையில் யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். கேமராக்காரர் சின்னப் பையன், ரொம்ப மரியாதை. தாதா வீட்டுக் குருணை மூட்டைகளுக்கு முன்னால் தாதாவையும் போதியையும் ருமானாவையும் நிற்க வைத்தார். ஊரே முற்றத்தில். தாதா சலவை வேட்டியில் இருந்தார். போதி தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார். பையன் முதலில் ருமானாவிடம், உங்கள் முன்னறிவிப்பு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியபோது எப்படி இருந்தது என்று கேட்டார்.

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தரையைப் பார்த்தார்.

"அந்த முன்னறிவிப்பு பலிக்கல" என்றாள் ருமானா. "பத்துக்கு ஏழுன்னேன். மிச்ச மூணுதான் நடந்துச்சு. அந்த மூணு நடந்தா என்ன ஆகும்னு நான் இவங்ககிட்ட விளக்கல. எனக்கு இவங்க மேல பாசம், அதனால பயம். அறுத்துருவேன்னு சொல்லிட்டேன். இவங்க நெல்லு போச்சு. அப்புறம் வந்தது வேற தண்ணி. அது எனக்குத் தெரியாது. இது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை என் பேர்ல எழுதாதீங்க."

பசுவை ஓட்டிவந்தவர் பக்கத்தில் நின்றவரிடம், அப்ப கிடாரியா இல்லையா என்று மெல்லக் கேட்டார்.

நான் தாதாவைப் பார்த்தேன். அந்த முகத்தில் பெஞ்சு போவது தெரிந்தது. காது மடல் சிவந்திருந்தது. பையன் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவை அவர் பக்கம் திருப்பி, நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் முன்னறிவிப்பை நம்பித்தானே அறுத்தீர்கள் என்றார். ஆமாம் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பெஞ்சு திரும்பி வந்திருக்கும், படமும் முடிந்திருக்கும். தாதா தொண்டையைச் செருமினார்.

"ஏழும் தெரியாது, மூணும் தெரியாது எனக்கு" என்றார். "இந்தப் பொண்ணு அப்ப எங்க வீட்டுல ஒரு மாசமா சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. என் சம்சாரம் கேட்டப்ப இதுக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. தன் வீடு முங்குற மாதிரி நின்னுச்சு. அந்த மூஞ்சிக்காகத்தான் நான் அறுத்தேன். நெல்லு போச்சு. அப்புறம் இதோட பேசாம இருந்தேன். திட்டியிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். அதைச் செய்யாதது என் தப்பு."

"அதை இன்னும் கொஞ்சம், முன்னறிவிப்பைப் பத்திச் சொல்ற மாதிரி..." என்று பையன் இழுத்தார்.

"தம்பி, அதுக்கு வேற ஆளைக் கூப்பிடுங்க."

போதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஷிரின் மேடமும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதையே எடுங்க. வெட்டாம எடுங்க. பணம் கொடுக்கிறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசிக்கொள்வது லேசாக இருக்காது என்று அவர் முகமே சொன்னது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் ருமானாவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று எல்லோருக்கும் குருணைக் கிச்சடிதான். மேடம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தாதா டீக்கடைக்குப் போகவில்லை. பெஞ்சு போச்சா என்று போதி சீண்டினார். ஹெட்மாஸ்டர் பெஞ்சு முதுகுக்கு ஒத்துக்கலை என்றார் தாதா. இருட்டுவதற்கு முன்னால் வலையை எடுத்துக்கொண்டு போய், நாலு கெளுத்தியோடு வந்து, ருமானா பக்கமாக வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

ருமானாவின் மூன்று மாதம் முடிந்தபோது ஹாவோர் மறுபடி கடலாகியிருந்தது. என் மில் எஞ்சின் படகுக்கு மாறியிருந்தது. நான்தான் அவளை சுனாம்கஞ்ச் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். தாதாவும் ஏறிக்கொண்டார், டவுனில் மண்ணெண்ணெய் வாங்க வேண்டும் என்றார். போதி துறையில் நின்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வாய்க்கு நாற்பது மார்க்கை ஐம்பதாக்கிவிட்டுப் போகச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள்.

தண்ணீர் சமுத்திரமாகக் கிடந்தது. அதற்கடியில் எங்கள் வயல்கள். பாதி தூரம் போனபிறகு எஞ்சினை நிறுத்து என்றார் தாதா. நிறுத்தினேன். அலை படகில் மோதுகிற சத்தம் மட்டும்.

"அடுத்த வருஷம் உங்க ஆளுங்க யாரை அனுப்புவாங்க?"

"பணம் வந்தா யாராவது வருவாங்க, மேஷோ. எனக்கு இங்க முடிஞ்சுது. இனி உக்காந்து ஆய்வை எழுதணும்."

"நல்லா எழுது." குனிந்து தண்ணீரில் கையை விட்டார். "வர்ற பங்குனியில தண்ணி எப்படி இருக்கும்?"

"தெரியலை மேஷோ."

"பத்துக்கு எத்தனைன்னுகூடவா?"

"இப்பவே யாராலயும் சொல்ல முடியாது. அப்பதான் தெரியும். அப்பவும் பாதிதான் தெரியும்."

தாதா தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பீடியைப் பற்ற வைத்தார், காற்றில் அணைந்தது, மறுபடி பற்ற வைத்தார்.

"சரி. அந்தப் பாதியைச் சொல்லு" என்றார். "மிச்சப் பாதி தெரியலைன்னும் சொல்லு. ஆனா போன்ல சொல்லாத. வந்து சொல்லு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.